வானிலை மாற்றிக்கொண்ட டிக்கெட்

என் அக்கா ஆடி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்கூட கை ஒரு பக்கம், பை ஒரு பக்கம் என்று போவாள். அப்படிப்பட்டவளுக்கு எங்கள் ஊர் பாலே நடனக் கம்பெனியில் யார் எந்த வாரம் எந்த வேடம் கட்டுகிறார்கள், யாருக்கு முழங்கால் வலி, எந்த ஜோடி தூக்கும்போது தடுமாறுகிறது என்பதெல்லாம் அத்துப்படி. இன்னும் நாலு நாட்டுக் கம்பெனிகளின் விவரமும் அவள் போனில் இருக்கும். வரும் வழியில் பால் வாங்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்காது.

பிழைப்புக்கு அவள் எக்ஸ்ரே எடுக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஸ்கேன் சென்டர், ஜன்னல் இல்லாத ஒரே அறை, ஒரு நாளைக்கு நாற்பது பேரின் எலும்பு. படம் திரையில் வந்ததுமே எல்லோரும் கேட்பது ஒன்றுதான், உடைந்திருக்கிறதா என்று. அவள் சொல்வதும் ஒன்றுதான்: "டாக்டர்தான் சொல்லுவாங்க." படம் எடுப்பவர் படத்தைப் படிக்கக் கூடாது, அது டாக்டரம்மாவின் வேலை. நானே ஒரு முறை வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போய் நின்றபோது, கூடப் பிறந்தவள் என்றும் பாராமல் அதே வரியைத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுபாவத்தில் பயந்தவள். கேஸை மூடினோமா என்று இரண்டு மாடி இறங்கியவள் திரும்ப ஏறி வருவாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பாலேவைப் பார்ப்பதுகூட சந்தோஷத்துக்காகத்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. யாராவது ஒற்றைக்காலில் ஏறி நின்றால் பக்கத்தில் இருக்கும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஆள் இறங்குகிறவரை விடமாட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் நகக்குறி இருக்கும். இருந்தும் என்னையே இழுத்துக்கொண்டு போவாள், வேறு யாரும் கையைக் கொடுப்பதில்லை.

போனில் ஒரு ரசிகர் குழு உண்டு. அறுபது எழுபது பேர். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எப்போதும் மலிவான மேல் இருக்கையில் உட்காரும் ஓய்வுபெற்ற நில அளவையர் 'பால்கனி'. என் அக்கா 'வானிலை'. கம்பெனி ஒவ்வொரு வாரமும் யார் எந்தக் காட்சியில் ஆடுவார்கள் என்று ஒரு பட்டியல் போடும். அதன் அடியில் மாறுதலுக்கு உட்பட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த மாறுதலை அக்கா முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஒத்திகைப் படத்தில் யார் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், யாருடைய பேட்டி வரவேண்டிய நாளில் வரவில்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஏழு வருடத்தில் இரண்டு தடவைதான் தவறியிருக்கிறது. கம்பெனி சொல்வதைவிட வானிலை சொல்வதைத்தான் அந்தக் குழு நம்பும்.

போன பருவத்தில் கம்பெனி ஒரு புது நாட்டியம் எடுத்தது. பெயர் 'கலங்கரை மகள்'. மூன்றாவது அங்கத்தில் புயலில் கலங்கரை விளக்கு அணைந்துவிடும். கப்பல்கள் கரை தெரியாமல் தவிக்கும்போது, காவல்காரனின் மகள் தானே விளக்காகச் சுற்ற வேண்டும். ஒரே காலின் விரல் நுனியில் இருபத்தெட்டுச் சுற்று, நடுவில் காலை இறக்கக் கூடாது. அந்த வேடம் முதல் முறையாக ஓர் இளம்பெண்ணுக்குக் கிடைத்திருந்தது. அவளைக் குழுவில் 'எதிர்ச்சுற்று' என்பார்கள். மற்றவர்கள் இடது காலில் நின்று வலப்பக்கமாகச் சுற்றுவார்களாம். இவள் வலது காலில் நின்று இடப்பக்கமாகச் சுற்றுவாள். பின்வரிசைக் கூட்டத்தில் அவள் நின்ற காலத்திலிருந்தே அக்காவுக்கு அவள் மேல் ஒரு கண். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்த அன்று அக்கா அடுப்பை அணைக்காமலே என்னிடம் ஓடி வந்தாள். கேஸ் பைத்தியம் பிடித்த என் அக்கா! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியக் காட்சி. நாலாவது வரிசையில் நட்டநடு இருக்கை, எனக்கு அதன் பக்கத்திலேயே ஒன்று. ஐந்து மாதத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை அந்தப் பெண் ஸ்கேன் சென்டருக்கு வந்தாள்.

தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டிருந்தாளாம். சீட்டில் இருந்த பெயரை அக்கா சரியாகப் படிக்கவில்லை. வலது பாதம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, "காலை இதுமேல வைம்மா" என்றிருக்கிறாள். வைத்த பாதத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. காய்த்துப்போன விரல்கள், உயர்ந்த வளைவு, அந்த வளைவைப் பற்றி ரசிகர் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியவளே என் அக்காதான். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

கட்டைவிரலின் அடியில், அது பாதத்தோடு சேரும் இடத்தில் வலி. கம்பெனி டாக்டரிடம் காட்டினால் சனிக்கிழமை ஆட விடமாட்டார்கள் என்று பயந்து யாருக்கும் தெரியாமல் வெளியே வந்திருக்கிறாள். அதையும் அவளேதான் சொன்னாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். படம் வந்தது. அந்த இடத்தில் எல்லோருக்கும் பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. இவளுக்கு அதில் ஒன்று இரண்டு துண்டாக இருந்தது.

"உடைஞ்சிருக்கா மேடம்?"

"டாக்டர்தான் சொல்லுவாங்க. நாளைக்கு மத்தியானம் ரிப்போர்ட் வந்துரும்."

விதிப்படி சொல்லிவிட்டாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, நொண்டாமல் நேராக நடந்து போனாளாம். உடைந்த எலும்போடு சனிக்கிழமை இருபத்தெட்டுச் சுற்றுச் சுற்றப் போகிறாள், அதுவும் அந்தக் காலில், தான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அக்காவின் மண்டைக்குள் ஓடியது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனைத் தட்டினாள். ரசிகர் குழுவில் போட்டது இரண்டே வரி: 'சனி மதியம், நாலாவது வரிசை நடு, இரண்டு டிக்கெட். ஞாயிற்றுக்கிழமைக்கு யாராவது மாற்றிக்கொள்வீர்களா?'

"ஏன், சனிக்கிழமை உனக்கு டூட்டியா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று கிசுகிசுப்பாக. "நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலடி. சொல்லவும் மாட்டேன். என்னால பாக்க முடியாது, அவ்வளவுதான். அதுக்குத்தான் டிக்கெட்ட மாத்தறேன்."

சலவைக்கடைக் கவுண்டரில் உட்காருகிறவள் நான். யாருடைய சட்டையில் யாருடைய வாசனை இருக்கிறது என்பது முதல் எல்லாம் தெரியும், வாயைத் திறந்ததில்லை. ஆகவே அக்கா செய்தது சரி என்றே எனக்கும் பட்டது. டிக்கெட்டை மாற்றுவதே சொன்ன மாதிரிதான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

பத்து நிமிடத்தில் போன் அதிர ஆரம்பித்தது. 'வானிலை டிக்கெட்டை விடுகிறதா?' 'ஐந்து மாதமாக அடைகாத்த டிக்கெட்டையா?' 'எதிர்ச்சுற்றுக்கு என்ன ஆச்சு?' அக்கா பதறிப்போய், சொந்த வேலை, வீட்டில் விசேஷம் என்று எழுதினாள். யாரும் நம்பவில்லை. காய்ச்சலில் நூற்றிரண்டு அடித்தபோதுகூடப் போர்வையோடு தியேட்டருக்குப் போனவள் இவள் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியும். பால்கனி தன் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை மாற்றிக்கொடுத்தார். நல்ல மனிதர்தான். 'புரிகிறது, கேட்கமாட்டேன்' என்று எழுதினார். அந்த ஒரு வரி போதும், மிச்சம் இருந்தவர்களுக்கும் உறுதியாகிவிட்டது. படுக்கப் போவதற்குள் பதினோரு பேர் சனிக்கிழமை டிக்கெட்டைக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கப் போவதாக எழுதிவிட்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே டாக்டரம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. உறையில் போடுமுன் அக்கா அதைப் படித்தாள். எலும்பு உடையவில்லை. அந்தக் குட்டி எலும்பு பிறவியிலேயே இரண்டாக இருப்பது. நிறைய பேருக்கு அப்படி உண்டு. சுற்றிலும் லேசான வீக்கம், காலணிக்குள் மெத்தை வைத்துக்கொண்டால் போதும், ஆடலாம்.

இதை என்னிடம் போனில் சொன்னபோது அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "உடைஞ்சிருந்தா ஓரம் பிசிறா இருக்கும். பிறவியிலயே அப்படின்னா வழவழன்னு உருண்டு இருக்கும். எத்தனை பேருக்கு நான் பாத்திருக்கேன். வேற யாரோட காலா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்டி."

"சரி, நல்ல சேதிதானே. டிக்கெட்டத் திருப்பி வாங்கு."

"பட்டியல் மாறிடுச்சு" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி புதுப் பட்டியல் போட்டிருந்தது. சனி மதியம், கலங்கரை மகள் என்ற வரிக்கு நேராக அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. பின்னர் அறிவிக்கப்படும் என்று இருந்தது. ரசிகர் குழுவில் எல்லோரும் வானிலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறாள்.

மூன்று மணிக்கு அந்தப் பெண் ரிப்போர்ட் வாங்க வந்தாள். அக்காவே உறையைக் கொடுத்தாள். அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துப் படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல ரிப்போர்ட்தானேம்மா. ஏன் அழறே?"

"காலையில நானே போய் ஆடமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் மேடம். கால் போயிடுச்சுன்னு எங்க டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியேவா? ஏன்?"

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ரசிகர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அவளும் வேறு பெயரில் அதில் இருக்கிறாள். ஆடுகிறவர்கள் பாதிப்பேர் அதில் உண்டு. அங்கே வானிலை என்று ஒருவர். யாருக்கு வேடம் போகப்போகிறது என்று அவருக்கு எப்போதும் முன்னாடியே தெரிந்துவிடும். "நேத்து அவங்க என்னோட காட்சி டிக்கெட்ட மாத்திட்டாங்க. அப்படின்னா கம்பெனி என்னத் தூக்கறதா முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம். எப்படியோ கால் விஷயம் கம்பெனி காதுக்குப் போயிடுச்சுன்னு நினைச்சேன். அவங்களா தூக்கினா அப்புறம் எப்பவும் தர மாட்டாங்க. அதான் நானே முந்திக்கிட்டேன்."

இந்த இடத்தில் என் அக்கா பேசாமல் எழுந்து உள்ளே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் போயிருப்பேன். எதற்கெடுத்தாலும் நடுங்குகிற அவள் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"அந்த வானிலை நான்தான்."

"உங்களுக்கு யாரு சொன்னா? கம்பெனியில யாரு?"

"யாரும் சொல்லல. நான் படத்தப் பாத்தேன். ஒடஞ்சிருக்குன்னு நானா நினைச்சுட்டேன்."

அந்தப் பெண் கத்துவாள், டாக்டரம்மாவைக் கூப்பிடுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாளாம். அவள் உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "டாக்டர்தான் சொல்லுவாங்கன்னு சொன்னீங்களே மேடம்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. வேலை போகும் என்றாள். போனால் போகட்டும் என்றாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டியலைத் திறந்து பார்த்தாள். நான் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். டப்பாவைத் திறந்து எடுத்துவிட்டாள். கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா என்றாள். என்னவென்று சொல்வாய், உங்கள் பெண்ணின் காலைப் பார்த்தேன் என்றா, அது இன்னொரு தப்பு என்றேன். உட்கார்ந்தாள். எழுந்தாள். கேஸைப் போய்ப் பார்த்தாள். எனக்கு அவள் மேல் கோபமாகவும் வந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் மறுபடி மாறியது. அந்தப் பெண்ணின் பெயர் வந்துவிட்டது. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி, கம்பெனி டாக்டர் பார்த்து, ஒத்திகையில் ஒரு தடவை ஆடிக் காட்டச் சொல்லி, பிறகுதான் போட்டார்களாம். நான் கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்து, "கிடைச்சிடுச்சுல்ல, இனிமேலாவது சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள்.

புகார் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும் என்று இப்போதும் சொல்வாள். தானாகப் போய் டாக்டரம்மாவிடம் சொல்ல மட்டும் இன்றுவரை தைரியம் வரவில்லை.

டிக்கெட் போயே போய்விட்டது. பட்டியலில் பெயர் காணாமல் போனதுமே பால்கனி அதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டிருந்தார், குழுவில் மிச்சம் இருந்தவர்களும் தங்களுடையதைக் கொடுத்துவிட்டார்கள். ரசிகர் குழு திருப்பிக்கொடுத்த இருக்கைகளை எல்லாம் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. அரங்கு நிறைந்தது என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஏழு வருடமாக அந்தப் பெண்ணைப் பின்வரிசையிலிருந்து பொறுக்கியெடுத்துக் கொண்டாடியவர்களில் ஒருத்தர்கூட அவளுடைய முதல் நாளில் உள்ளே இல்லை. வானிலையை நம்பிய குற்றம்.

சனிக்கிழமை மதியம் அக்கா சும்மா அந்தப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்றாள். சும்மாவாவது! நானும் கூடப் போனேன். தியேட்டர் முன்கூடத்தில், தாமதமாக வருகிறவர்கள் இடைவேளைவரை காத்திருக்கும் இடத்தில், சுவரில் ஒரு சின்ன டிவி உண்டு. உள்ளே நடப்பது அதில் தெரியும். சத்தம் கிடையாது. கதவருகில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்தார். அக்காவை அவருக்கு வருடக்கணக்காகத் தெரியும். டிக்கெட் கேட்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை.

இரண்டு அங்கம் நின்றபடியே பார்த்தாள். கட்டைவிரல் அளவில் ஓர் உருவம் ஓடுவதும் தாவுவதுமாக இருந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது. "நல்லாத்தான் ஆடறா" என்றேன். "பிரமாதமா ஆடறா" என்றாள் அக்கா. என் கை அவள் பிடியில் இருந்தது.

மூன்றாவது அங்கம். விளக்கு அணைந்தது, திரையே கறுத்துவிட்டது. பிறகு வட்டமாக ஒரு வெளிச்சம், நடுவில் அந்தப் பெண், வலது காலில் ஏறி நின்றாள். சுற்ற ஆரம்பித்தாள். அக்காவின் உதடு அசைந்தது. நானும் மனதுக்குள் எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. பதினைந்து, பதினாறு என்று அக்கா வாய்விட்டே சொன்னாள். பத்தொன்பது. அப்போது அந்தப் பெண் ஒரு கணம், கண் சிமிட்டும் நேரம், குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். மறு சுற்றில் காலை இறக்கிவிட்டாள். இறக்கியது தெரியாமல், கையை விரித்துச் சின்னச் சின்ன அடிகளாக மேடையைச் சுற்றி வந்து அழகாக முடித்துவிட்டாள். மூடிய கதவைத் தாண்டி உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கைதட்டுவது கேட்டது. அவர்களுக்கு என்ன தெரியும், எனக்கே தெரிந்திருக்காது.

"இருபது" என்றாள் அக்கா.

"கால் வலிச்சிருக்கும். வீக்கம்தான் இருக்கே" என்றேன்.

"வலிச்சா பல்லக் கடிச்சுக்கிட்டுச் சுத்துவாங்க. குனிஞ்சு பாக்க மாட்டாங்க." என் கையை விட்டுவிட்டாள். "அவ கால்ல ஒண்ணும் இல்லடி. ஒடஞ்சிருக்குமோன்னுதான் குனிஞ்சு பாத்தா."

காவலாளி கதவுகளைத் திறந்துவிட்டார், பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்கள் எல்லோரும் போகிறவரை அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.